முதலில் அந்தச் செங்கல்லை வெளியே எடுங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் உள்ள குடும்பம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். இனிமேல் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் வாழ்வது என்று ஆறு மாதங்களுக்கு முன்பு முடிவெடுத்தேன். வீட்டிலிருந்த 12 சிஎஃப்எல் விளக்குகளையும் எல்இடிக்கு மாற்றினேன். மூங்கில் பிரஷ், துணிப்பை, ஸ்டீல் ஸ்ட்ரா எல்லாம் வாங்கினேன். தினமும் இரவு படுக்கும்முன் செல்போன் சார்ஜர்களைக் கழற்றி வைக்கிறேன். தண்ணீர் மிச்சமாகும் என்று கேள்விப்பட்டு, கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்குள் ஒரு செங்கல்லும் போட்டேன். இவ்வளவு செய்தும் கரண்ட் பில் குறைந்தது சொற்பம். தண்ணீர்க் கட்டணமோ கூடியிருக்கிறது! “இதெல்லாம் ஊருக்குக் காட்டத்தான் உதவும்” என்கிறார் கணவர். விளக்கை அணை, குழாயை மூடு என்று ஓயாமல் சொல்லிப் பிள்ளைகளிடமும் கெட்ட பெயர். மாமியாருக்கு எந்நேரமும் வெந்நீர் தேவைப்படுவதால் கீசரைக் காலையில் போட்டால் இரவில்தான் அணைப்போம். 14 வருடப் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும், ஓர் ஏசியும் இருக்கின்றன. ஃப்ரிட்ஜை மாற்றலாமா? சோலார் போடலாமா? நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது ஒரே ஒரு சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டேன்: செங்கல். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகப் போய் அந்தச் செங்கல்லை வெளியே எடுத்துவிடுங்கள்.

வீடு வீடாகப் போய், மின்சாரமும் தண்ணீரும் எங்கே வீணாகின்றன என்று அளந்து சொல்வது என் தொழில். செங்கல் யோசனை வெகுகாலமாகச் சுற்றி வருகிறது. தொட்டிக்குள் அது இடத்தை அடைத்துக்கொள்ளும், அந்த அளவுக்குத் தண்ணீர் குறைவாக நிரம்பும் என்ற கணக்கு சரிதான். ஆனால் செங்கல் சுட்ட மண். இரவும் பகலும் தண்ணீரில் ஊறிக் கிடந்தால் ஓரங்கள் கரைந்து பொடிப்பொடியாக உதிரும். தொட்டியின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது. ஃப்ளஷ் செய்யும்போது அது எழும்பித் தண்ணீரை விடும், பிறகு தன் இடத்தில் படிந்து அடைத்துக்கொள்ளும். உதிர்ந்த துகள் அந்த மூடிக்கு அடியில் மாட்டிக்கொண்டால் மூடி முழுவதுமாகப் படியாது. தண்ணீர் சத்தமே இல்லாமல் கோப்பைக்குள் வடிந்துகொண்டே இருக்கும்.

ஒரு வீட்டில் இதே புகார். குழாய்களை எல்லாம் பார்த்துவிட்டார்கள், தரைக்கடியில் கசிவா என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். நான் ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து, தண்ணீரை வடித்துவிட்டு, அந்த ரப்பர் படியும் வளையத்தை ஆள்காட்டி விரலால் ஒரு சுற்றுத் தடவினேன். விரல் நுனியில் செம்மண் குழம்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு நடுவில் கடுகளவு ஒரு துகள். அதை எடுத்துப் போட்டு, வளையத்தைத் துணியால் துடைத்ததும் கசிவு நின்றுவிட்டது. அந்த வீட்டாரும் உங்களைப் போல நல்ல எண்ணத்தில்தான் செங்கல்லைப் போட்டிருந்தார்கள்.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறதா என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். தொட்டித் தண்ணீரில் சமையலுக்குப் பயன்படுத்தும் வண்ணத்தைச் சில சொட்டு விடுங்கள். அடுத்த 20 நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. அதற்குப் பிறகு கோப்பைக்குள் பாருங்கள். அங்கே நிறம் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. துகளை அகற்றியும் நிற்கவில்லை என்றால் ரப்பர் தேய்ந்திருக்கும், மாற்றிவிட வேண்டியதுதான்.

இந்தக் கசிவு எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு, வடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஒரு நாளைக்கு 288 லிட்டர்! 6 லிட்டர் தொட்டி என்றால் 48 முறை ஃப்ளஷ் செய்த தண்ணீர். செங்கல் மிச்சப்படுத்துவது எவ்வளவு? ஒரு முறைக்கு ஒன்றரை லிட்டர் என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும், ஐந்து பேர் வீட்டில் 20 முறைக்கு 30 லிட்டர். 30 லிட்டரை மிச்சம் பிடிக்கப் போய் 288 லிட்டர் போயிருக்கக்கூடும். உங்கள் தண்ணீர்க் கட்டணம் கூடியதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்பது என் வலுவான ஊகம்.

தொட்டிக்குள் ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்றால், சிறிய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, இறுக மூடி, அந்த ரப்பர் மூடிக்கும் மிதவைக்கும் இடிக்காத மூலையில் நிறுத்துங்கள். அதன் பிறகு ஒரு முறை ஃப்ளஷ் செய்தால் போதுமானதாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். இரண்டு முறை இழுக்க வேண்டி வந்தால் அந்தப் பாட்டிலையும் எடுத்துவிடுவதே நல்லது.

வண்ணச் சோதனையில் எதுவும் தெரியாவிட்டால் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். இரவு எல்லோரும் படுத்தபின் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் முதல் ஆள் குழாயைத் திறக்கும்முன் மறுபடி பாருங்கள். இடையில் யாரும் தண்ணீரைத் தொடாதபோது எண் நகர்ந்திருந்தால் வீட்டில் எங்கோ ஒழுகுகிறது. சொட்டும் குழாய் இருந்தால் அதற்கடியில் அளவு டம்ளரை 10 நிமிடம் வையுங்கள். 150 மில்லி சேர்ந்திருந்தால் நாளைக்கு 21 லிட்டருக்கு மேல். வருடத்துக்கு ஏறக்குறைய 7,900 லிட்டர். ஒரு வாஷர் மாற்றும் வேலைக்காகத் தள்ளிப்போட்டு இவ்வளவு தண்ணீரை விடுகிறோம்.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. உங்கள் கவனம் கண்ணுக்குத் தெரியும் இடங்களுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். விளக்கு எரிவது தெரிகிறது, சார்ஜர் சொருகியிருப்பது தெரிகிறது. பில்லைத் தூக்குபவை தண்ணீரையோ காற்றையோ சூடாக்கும், குளிர்விக்கும் சாதனங்கள். அவற்றுக்கு அடுத்தபடியாக, யாரும் கவனிக்காமல் 24 மணி நேரமும் ஓடிக்கொண்டிருப்பவை. எந்த வீட்டுக்குப் போனாலும் நான் இந்த வரிசையில்தான் தேடுவேன்.

உங்கள் 12 விளக்குகளையே எடுத்துக்கொள்வோம். குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டிருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்திருக்கும். 60 வாட் பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும். ஆனால் நீங்கள் மாற்றியது சிஎஃப்எல்லை. அது ஏற்கெனவே சிக்கனமானது. 14 வாட் இருந்த இடத்தில் 9 வாட் வந்திருக்கும். விளக்குக்கு 5 வாட் மிச்சம். பன்னிரண்டும் தினமும் 4 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு மொத்தம் 88 யூனிட் குறையும். மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம். பில்லில் அது எங்கே தெரியப் போகிறது! அந்த சிஎஃப்எல்களைத் தூக்கிப் போட்டுவிடவில்லை என்று நம்புகிறேன். அவற்றில் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. குப்பைத் தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

சார்ஜர் விஷயம் இன்னும் சின்னது. போன் மாட்டாமல் சும்மா சொருகியிருக்கும் நல்ல சார்ஜர் இழுப்பது 0.2 வாட் அளவுக்குத்தான். ஐந்து சார்ஜர்களை இரவில் 8 மணி நேரம் கழற்றி வைத்தால், வருடம் முழுக்கச் செய்தாலும் 3 யூனிட் மிஞ்சும். பழக்கத்தை விட வேண்டாம். ஆனால் ஒரு நாள் மறந்துவிட்டால் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

இதோடு ஒரு வாளி வெந்நீரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4.19 கிலோஜூல் வேண்டும். 20 லிட்டர் வாளியை 20 டிகிரி சூடாக்கினால் கிட்டத்தட்ட அரை யூனிட். அதே மின்சாரத்தில் ஒரு செல்போனை இருபது தடவைக்கு மேல் முழுதாக சார்ஜ் செய்யலாம். ஐந்து பேர் ஆளுக்கு ஒரு வாளி என்றால் தினமும் 2.3 யூனிட், வருடத்துக்கு 850 யூனிட் அளவுக்கு. சார்ஜரின் 3 யூனிட்டையும் இந்த 850-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், உங்கள் நேரம் எங்கே செலவாக வேண்டும் என்று புரிந்துவிடும்.

அதற்காக மாமியாரின் வெந்நீரில் கைவைக்க வேண்டாம். வயதானவர்கள் உடம்பு குளிரைத் தாங்காது, அவர்கள் குளிப்பது வீண்செலவும் இல்லை. குறைக்க வேண்டியது யாரும் குளிக்காதபோது போகும் வெப்பத்தை. கீசர் தொட்டி என்னதான் காப்புறை போட்டிருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். சூட்டைப் பார்த்துத் தானே போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் மறுபடி மறுபடி சூடாக்கும். தொட்டியின் அளவையும் காப்புறையையும் பொறுத்து, முழு நாளும் போட்டு வைத்தால் அரை யூனிட் முதல் 1 யூனிட் வரை இப்படியே போய்விடும். அரை யூனிட் என்றாலே வருடத்துக்கு 180 யூனிட். விளக்குகளை மாற்றிக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு.

“அணைத்துவிட்டு மறுபடி சூடாக்கினால் இன்னும் அதிகம் இழுக்குமே” என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. அப்படி இல்லை. தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெப்பம் வெளியேறும். ஆறிய தொட்டி இழப்பது குறைவு. 15 லிட்டர் தொட்டியை 2,000 வாட் கீசர் 30 டிகிரி சூடாக்க 16 நிமிடம் போதும். எனவே குளிக்கப் போவதற்கு 20 நிமிடம் முன்பு போட்டால் சரியாக இருக்கும். ஒருவர் பின் ஒருவராகக் குளித்துவிட்டால் நடுவில் தொட்டி ஆறி வெப்பம் வீணாகாது. மாமியாருக்கு இடையிடையே குடிக்கவோ கை கால் கழுவவோ வெந்நீர் வேண்டுமென்றால் நல்ல ஃபிளாஸ்க் ஒன்றில் ஊற்றி அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். கீசரை நம்பிக் காத்திருப்பதைவிட அவருக்கும் இது வசதி. சுவிட்சை அணைக்க மறந்துவிடுகிறது என்றால் டைமர் வைத்த சுவிட்ச் கிடைக்கிறது. கீசர் இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கும் வகையைப் பார்த்து, எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. சிக்கனம் என்று நினைத்துத் தொட்டியின் வெப்பநிலையை 40, 45 டிகிரிக்கு இறக்கி, அதே தண்ணீரை நாள்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். நுரையீரலைப் பாதிப்பது அது, வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம். தொட்டியில் 60 டிகிரி என்பதே பாதுகாப்பான அளவு. அந்தச் சூடு நேராகப் பட்டால் சில விநாடிகளில் தோல் வெந்துவிடும். எனவே வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர். பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஷவரில் குளிப்பவர்கள் இருந்தால் ஒரு சின்னச் சோதனை. ஷவருக்கு அடியில் வாளியைப் பிடித்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பாருங்கள். 12 லிட்டருக்கு மேல் கொட்டினால் தண்ணீரைக் குறைவாக விடும் ஷவர் முனையை மாற்றலாம். 8 லிட்டருக்குக் கீழே என்றால் மாற்ற வேண்டியதில்லை. இங்கே குறையும் ஒவ்வொரு லிட்டரும் இரண்டு பில்லில் குறைகிறது: தண்ணீரிலும், அதைச் சூடாக்கும் மின்சாரத்திலும். அதனால்தான் நான் எப்போதும் குளியலறையில் தொடங்குகிறேன். சமையலறைத் தொட்டிக் குழாயின் வாயில் காற்றைக் கலந்து விடும் சிறு வலைமுனை ஒன்றைத் திருகிவிட்டால் போதும். பாத்திரம் கழுவும்போது தாரை அதேபோலத்தான் தெரியும், தண்ணீர் பாதியாகிவிடும்.

அடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இதற்குச் செலவே கிடையாது. தண்ணீர் ஒரு முறை கொதித்துவிட்டால் அதற்குமேல் சூடேறாது; தீயை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரிதான். கூடுதல் தீ முழுவதும் தண்ணீரை ஆவியாக்கத்தான் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப் போல ஏழு மடங்கு வெப்பம் அந்த ஒரு லிட்டரையும் ஆவியாக்கத் தேவைப்படும். கொதி வந்ததும் தீயைச் சிறிதாக்கி மூடி போட்டுவிட்டால் உள்ளே இருப்பது அதே வேகத்தில் வேகும். குக்கரில் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை 120 டிகிரியை ஒட்டி ஏறுகிறது; அதனால்தான் சீக்கிரம் வேகிறது. காய்ந்த பயறு வகைகளை முன்கூட்டியே ஊறவைப்பதும் அடுப்பு நேரத்தை நன்றாகக் குறைக்கும்.

இனி ஏசி. எத்தனை டிகிரியில் வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. “18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும்” என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. சாதாரண ஏசி 18-இல் வைத்தாலும் 26-இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். எப்போது நிறுத்துவது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. மோட்டார் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை கொஞ்சம் வேகமாக ஓடும், கூடவே அதிகமாக இழுக்கும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6% வரை மிஞ்சும் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. 26-இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. மேலே படும் காற்றால் நமக்குத்தான் குளிர்ச்சி. ஆகவே ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடுவதால் யாருக்கும் பயனில்லை. அதைவிட முக்கியம், வெயில் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது. மாலை வெயில் நேராக அடிக்கும் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சதுர மீட்டருக்குப் பல நூறு வாட் வெப்பம் உள்ளே நுழைகிறது. ஏசி அதை இழுத்து இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்பக்கத் திரையைவிட வெளிப்பக்கம் தொங்கும் தட்டி பல மடங்கு பயன் தரும், ஏனென்றால் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தைத் திரை அறைக்குள்ளேயே விட்டுவிடுகிறது. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள்.

ஃப்ரிட்ஜை மாற்றலாமா என்று கேட்டீர்கள். அளக்காமல் மாற்றாதீர்கள். அளப்பது கடினம் இல்லை. உங்கள் கரண்ட் மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் யூனிட்டுக்கு 3,200 அல்லது 1,600 இம்பல்ஸ் என்பதுபோல ஓர் எண் அச்சிட்டிருக்கும். 3,200 என்றால், விளக்கு 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். வீட்டில் ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அதன் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும்போது மீட்டருக்கு முன்னால் கடிகாரத்தோடு நின்று எண்ணுங்கள். 5 நிமிடத்தில் 32 முறை சிமிட்டினால் அது 0.01 யூனிட். மணிக்கு 0.12 யூனிட், அதாவது 120 வாட். மோட்டார் நாளில் பாதி நேரம் ஓடினால் தினமும் 1.44 யூனிட், வருடத்துக்கு 526. கடையில் புது ஃப்ரிட்ஜின் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்கி, எத்தனை வருடத்தில் விலை திரும்பக் கிடைக்கும் என்று பாருங்கள். ஐந்து, ஆறு வருடத்துக்குள் என்றால் மாற்றலாம். பத்துக்கு மேல் என்றால் பழையதே ஓடட்டும்.

அதற்கும் முன்னால், கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது. ரப்பரை மட்டும் மாற்றினாலே பல பழைய ஃப்ரிட்ஜ்கள் சரியாகிவிடும். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் ஒரு சாண் தள்ளி வையுங்கள், கம்பிச் சுருளில் தூசியைத் தட்டுங்கள். உள்ளே 4 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18 போதும். புதிது வாங்குவதென்று முடிவானால் பழையதை இன்னொரு அறையில் போட்டு ஓட்டாதீர்கள். அப்புறம் மிச்சம் எதுவுமே இருக்காது. அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ் பலவற்றில் ஆர்-134ஏ என்ற வாயு இருக்கிறது. வளிமண்டலத்தில் கலந்தால் அதே எடை கார்பன் டை ஆக்சைடைப் போல 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. வாயுவை முறையாக உறிஞ்சி எடுக்கும் ஆளிடம் கொடுத்துவிட்டால்தான் நீங்கள் எண்ணிய நன்மை முழுதாகும்.

மீட்டர் முன்னால் நிற்கும் அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு நாள் இரவு, டிவி, அதோடு இணைத்த செட்-டாப் பெட்டி, வைஃபை, கம்ப்யூட்டர் எல்லாம் ‘அணைத்த’ நிலையில் இருக்கும்போது எத்தனை சிமிட்டல் என்று அவர்கள் எண்ணட்டும். பிறகு ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி மறுபடி எண்ணட்டும். பல வீடுகளில் டிவியோடு இருக்கும் பெட்டி, ரிமோட்டில் அணைத்த பிறகும் 10 வாட் இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். 24 மணி நேரமும் 10 வாட் என்றால் வருடத்துக்கு 88 யூனிட். நீங்கள் 12 விளக்கு மாற்றி மிச்சப்படுத்திய அதே 88! சுவிட்சுள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எல்லாவற்றையும் சொருகி, படுக்கும்போது ஒரு தட்டு. தாங்களே கண்டுபிடித்த கள்ளனைப் பிள்ளைகள் தாங்களே பிடித்து அணைப்பார்கள். நீங்கள் ஓயாமல் சொல்ல வேண்டியிருக்காது.

துணிப்பை, மூங்கில் பிரஷ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கணவர் சொன்னது உங்களைப் புண்படுத்தியிருக்கிறது என்று தெரிகிறது. அவை பில்லைக் குறைக்க வந்தவை அல்ல, குப்பையைக் குறைக்க வந்தவை. அவற்றை வைத்து உங்கள் முயற்சியை எடைபோடுவது நியாயமில்லை. ஆனால் அங்கேயும் ஒன்று இருக்கிறது: பயன் வாங்குவதில் இல்லை, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில். பிரிட்டனின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருத்திப் பை காலநிலை பாதிப்பில் சாதாரண பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வேண்டுமென்றால் 131 முறை பயன்பட வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஆகவே ஆறு துணிப்பை வேண்டாம், இருக்கும் இரண்டைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள். பிள்ளைகளின் பிளாஸ்டிக் பிரஷ் இன்னும் நன்றாக இருந்தால் அது தேய்ந்த பிறகு மூங்கிலுக்குப் போகலாம்.

கணவரிடம் காட்ட ஒரு வழி உண்டு. இன்றைய மின்மீட்டர் எண்ணையும் தண்ணீர் மீட்டர் எண்ணையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில் அடுத்த எண். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதல் வாரம் கழிப்பறைத் தொட்டி, இரண்டாம் வாரம் கீசர், மூன்றாம் வாரம் இரவில் ஓடும் சாதனங்கள் என்று போனால் எது எவ்வளவு குறைத்தது என்று தாளே சொல்லிவிடும். இன்னொன்றையும் அந்தத் தாள் காட்டும். சிக்கனமான பொருள் வந்ததும் நாம் அதைக் கூடுதலாகப் பயன்படுத்தத் தொடங்குவோம். “எல்இடிதானே” என்று விளக்கு எரிந்தபடியே கிடக்கும். நிலக்கரி எஞ்சின்கள் திறன் கூடியபோது நிலக்கரிச் செலவு குறையாமல் ஏறியதை வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் 1865-இலேயே சுட்டிக்காட்டியிருக்கிறார். வீட்டிலும் அது நடக்கும். வாராவாரம் எண்ணை எழுதினால் உடனே கண்ணில் பட்டுவிடும்.

சோலாரைக் கடைசியில் வைத்திருக்கிறேன், உங்கள் வீட்டிலும் அது கடைசியில் வரட்டும். இப்போதைய பில்லை வைத்துப் போட்டால், வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துப் பலகை வாங்க நேரிடும். மூன்று மாதம் இந்த வேலைகளைச் செய்துவிட்டு, குறைந்த யூனிட்டை வைத்து அளவு கேளுங்கள். சிறிய அமைப்பே போதும் என்று தெரியவரலாம். கூரையில் இடமும் நல்ல வெயிலும் இருந்தால் முதலில் சூரிய வெந்நீர்த் தொட்டியை விசாரியுங்கள். மின்சாரம் தரும் பலகை தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். வெந்நீர்த் தொட்டி நல்ல வெயிலில் பாதியளவை வெப்பமாகப் பிடித்துவிடும். உங்கள் வீட்டின் பெரிய செலவே வெந்நீராக இருக்கும்போது அதற்கு நேராகச் சூரியனையே பயன்படுத்திக்கொள்ளலாம். மாமியாரும் மணி பார்க்காமல் குளிக்கலாம்.

இன்று இரவே வண்ணச் சோதனையைச் செய்துவிடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கியதா இல்லையா, துகளை எடுத்த மறுநாள் காலை தண்ணீர் மீட்டர் எவ்வளவு நகர்ந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நிறமும் இறங்கவில்லை, மீட்டர் மட்டும் ஓடுகிறது என்றால் மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்று அப்போது எழுதுகிறேன்.